எழுபதுக்குக் கீழே

நான் இளைத்த வருஷம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என்னைக் கேள்வி கேட்காத ஆளே இல்லை. என்னிடம் இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே மேலும் கீழும் பார்ப்பார்கள். "இன்னாக்கா, பாதி ஆளாயிட்ட? சுகரா?" என்பாள் ஒருத்தி. "எந்த ஜிம்முக்குப் போற, எனக்கும் சொல்லேன்" என்பாள் இன்னொருத்தி. எதிர்வீட்டு அம்மா ஒரு படி மேலே போய், என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "கேன்சர்னா மறைக்காதீங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார். இதற்கெல்லாம் நான் என்ன பதில் சொல்ல? என் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுக்கப் போகிறேன், அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன் என்று மாவுக் கரண்டியோடு வாசலில் நின்று சொல்ல முடியுமா? சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் கூடும். "டயட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்து அனுப்பிவிடுவேன்.

எனக்குக் கூடப்பிறந்தவன் இந்த ஒரு தம்பிதான். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். தலைவலி, தலைவலி என்று மாத்திரையை வாங்கி முழுங்கிக்கொண்டே காலத்தைத் தள்ளினான். அவனுக்கு ரத்த அழுத்தம் இருப்பது, முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் இரண்டு கிட்னியும் போய்விட்டன. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அவன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மிச்சம் இருந்தது நான்தான். ரத்த வகை ஒத்துப்போனது, மற்ற பரிசோதனைகளும் ஒத்துப்போயின. கொடுக்கிறேன் என்று சொல்ல நான் யோசிக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தம்பி விஷயத்தில் யோசிக்க என்ன இருக்கிறது?

பெரிய டாக்டர் என் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எடைதான் ஜாஸ்தி. இந்த எடையோட ஒரு கிட்னிய எடுத்துட்டா, மிச்சம் இருக்கிறது எவ்வளவு நாளைக்கு இழுக்கும்? எழுபதுக்குக் கீழே வாங்க, பாக்கலாம்" என்றார். அப்போது நான் எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தேன். வெளியே வந்ததும் தம்பி, "வுடுக்கா, ஆவறதப் பாப்போம்" என்றான். எனக்குச் சுரீரென்று ஏறியது. "யாருடா வுடறது? இந்தக் கொழுப்புக்காகவா உன்ன வுடுவேன்? நீ போய் மெஷின்ல படு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

என் பிழைப்பே இட்லி மாவு. விடிந்தால் அரிசி ஊறும், பிறகு கிரைண்டர் ஓடும், வீடு முழுக்கப் புளித்த மாவு வாசனை அடிக்கும். அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அரிசியைத் தொடாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு அவித்த காய், சுண்டல், முட்டை, குழம்பில்லாத மீன். வீட்டுக்காரர் பாவம், நான் பார்க்க வேண்டாம் என்று அடுப்படியில் நின்றபடியே தோசையைத் தின்பார். கல்லில் மாவு விழும் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு அழுகை வரும். அழுகை கோபமாகி அவர் மேலேயே பாயும். "தெருவுல போய்த் தின்னுங்களேன்" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். மனிதர் உண்மையாகவே தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மேலே போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார். அன்றைக்குச் சிரித்ததுதான், அந்த வருஷத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது.

காலையில் கடற்கரைச் சாலை வரைக்கும் நடப்பேன். கலர் கலராக ஷூ போட்டு ஓடுகிறவர்களுக்கு நடுவே புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு நான். முட்டி வலிக்கும், தலை சுற்றும், வழியில் டீக்கடை வடை வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். போடா என்று அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பேன். மனசுக்குள் ஒரே எண்ணம்தான். இது என் உடம்பு இல்லை, இதில் அவனுக்கு உரியது ஒன்று இருக்கிறது, அதை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும்.

எடை பார்ப்பது மட்டும் டயாலிசிஸ் வார்டில். மாவு நிறுக்கிற தராசில் நான் எங்கே ஏறுவது? தம்பியோடு துணைக்குப் போகும்போது, அவன் இறங்கியதும் நான் ஏறிக்கொள்வேன். அந்த வார்டில் எடை என்றால் ஒரே அர்த்தம்தான்: தண்ணீர். அவனுக்கு மூத்திரம் நின்றுபோய்விட்டது. குடித்தது எல்லாம் உடம்பிலேயே தேங்கும், அடுத்த முறை மெஷின்தான் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதனால் படுக்குமுன் ஒரு தடவை நிறுத்து, எழுந்ததும் ஒரு தடவை நிறுப்பார்கள். "எவ்வளவு ஏத்திட்டு வந்தீங்க?" என்றுதான் நர்ஸ் கேட்பாள். கூடுதலாக இருந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு விழும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள்கூட ஒருவரை ஒருவர் அதைத்தான் விசாரித்துக்கொள்வார்கள். தம்பிக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். வாய் காய்ந்தால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொள்வான். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்தப் பாடம் மனப்பாடம் ஆகியிருந்தது.

கடைசியில் ஒரு நாள் முள் எழுபதுக்குக் கீழே வந்து நின்றது. நான் இறங்கி, செருப்பைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தேன். அதே இடம்தான். ஊசி குத்தியிருந்த கையை அசைக்க முடியாமல், மறு கையால் தம்பி கட்டில் கம்பியைத் தட்டினான். "எங்க அக்கா பாஸூ!" என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள். நானும் அழுதேன். அந்த ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

ஆனால் உடனே ஆபரேஷன் இல்லை. பட்டினி போட்டு இளைத்த உடம்பை அப்படியே கத்திக்குக் கொடுக்க மாட்டோம் என்றார் டாக்டர். நான் சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும், சாப்பிட்டும் எடை ஏறாமல் நிற்கிறது என்று காட்ட வேண்டும், பிறகு கடைசிப் பரிசோதனை, பிறகு தேதி. இதற்காக என்னை ஆஸ்பத்திரியில் இருந்த டயட் மேடத்திடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். என் வயதில் பாதிகூட இருக்காது. ஆனால் பொறுமையாகப் பேசினாள்.

"அம்மா, இப்போ சோறு, இட்லி எல்லாம் அளவா சேர்க்கப் போறோம். சேர்த்ததும் எடை ஏறும். ரெண்டு கிலோ ஏறலாம், மூணும் ஏறலாம். பயப்படாதீங்க. அது கொழுப்பு இல்ல. நீங்க சோறு சாப்பிடாம இருந்தப்போ உடம்புல சேமிப்பா இருந்த மாவுச்சத்தும், அதோட ஒட்டிட்டு இருந்த தண்ணியும் போயிடுச்சு. இப்போ அது திரும்பி வந்து உக்காரும். கொஞ்ச வாரத்துல தானா அடங்கிடும். அதுவரைக்கும் எடை மெஷின் பக்கமே போகாதீங்க. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

எனக்கா புரியாது? ஊற வைத்த அரிசியை நிறுத்தால் கூடத்தான் காட்டும், அதற்காக அரிசி கூடிவிட்டதா என்ன? காலமெல்லாம் அரிசி ஊற வைக்கிற எனக்கு இதை ஒருத்தி விளக்கியா சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் சோறு. ஒரு கிண்ணம்தான். ரசம் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு நாளும் நான் பசியோடு இருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உடம்பு முழுக்க ஏதோ தளர்ந்து கொடுத்தது. சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன், அப்படியே தூங்கிப்போனேன். வீட்டுக்காரர் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தியிருக்கிறார். எழுந்தபோது, கை விரல் மோதிரம் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுபோல் பட்டது.

எடை மெஷின் பக்கம் போகாதே என்றால், தம்பியோடு வார்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனால் அது அங்கே நிற்கிறது. எல்லோரும் ஏறி இறங்குகிறார்கள். நர்ஸே, "என்னம்மா, நீங்க ஏறலியா?" என்று கேட்கிறாள். ஏறினேன். எழுபத்திரண்டைத் தொட்டது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம். அளந்து அளந்துதான் சாப்பிடுகிறேன், டயட் மேடம் சொன்னதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. ஆனால் முள்ளுக்கு அது தெரியுமா? அதற்குத் தெரிந்ததை அது காட்டிக்கொண்டே போனது. தானாக அடங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே அடுத்த முறையும் ஏறினேன்.

தம்பி பெண்டாட்டியும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கென்று அளவாக ஒரு கரண்டி சோறு போட்டு, மீன் வைத்தாள். நான் சாப்பிட்டு முடித்து, பசி அடங்காமல், இன்னும் ஒரு வாய் சோறு கேட்டேன். கரண்டியை அப்படியே பாத்திரத்துக்குள் போட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கொடுக்க மனசு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்க. இப்படித் தின்னு தின்னு எடையேத்தித்தான் சொல்லணுமா?"

 கையில் ஒட்டியிருந்த பருக்கையை உதறிவிட்டு எழுந்தேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். நான் பட்ட பட்டினி உனக்குத் தெரியுமா, என் தம்பிக்கு நான் கொடுக்கிறேன், நீ யாருடி என்னைக் கேட்க என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டேன். அவளும் விடவில்லை. "உங்களுக்குத் தம்பி. எனக்குப் புருஷன். ஒரு நாளு மெஷின் நின்னா தாலி அறுக்கறது நானு" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னதிலும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

தம்பி உள்ளறையில் படுத்திருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது மெதுவாக எழுந்து என் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் வந்தான். நான்கு எட்டு நடந்தாலே அவனுக்கு மூச்சு இளைக்கும்.

"அவ வாய மனசுல வச்சிக்காதக்கா. பயத்துல பேசறா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான்: "நீ சோத்த கொறைக்காத. மறுபடியும் பட்டினி கெடந்தன்னு தெரிஞ்சா டாக்டரு ஒத்துக்க மாட்டாரு. அந்தப் பொண்ணே சொல்லிச்சில்ல, இது வெறும் தண்ணிதான்னு? தண்ணின்னா என்ன கேளு. நான் எத்தினி தடவ ஏத்தியிருக்கேன், எறக்கியிருக்கேன். குடிக்கறத நிறுத்து, தானா எறங்கிடும்."

இருவருக்கும் அது அவ்வளவு சரியாகப் பட்டது. தண்ணீரால் ஏறிய எடை, தண்ணீரை நிறுத்தினால் இறங்கும். வார்டில் கண்ணெதிரே அதுதானே நடக்கிறது? கிட்னி வேலை செய்யாதவனுக்கு உள்ள சட்டம் கிட்னி வேலை செய்கிறவளுக்கும் பொருந்துமா என்று கேட்கும் புத்தி எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அவன் தன்னிடம் இருந்த ஒரே வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன்.

அவன் வைத்திருக்கிற மாதிரியே ஒரு சின்ன பாட்டிலை நானும் எடுத்து வைத்தேன். ஒரு நாளைக்கு அவ்வளவுதான். அதுவோ கத்திரி வெயில். புதுச்சேரியில் கத்திரி என்றால் காற்றே உப்பாக இருக்கும், உட்கார்ந்த இடத்தில் புடவை நனையும். கிரைண்டர் பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். நடையையும் நான் விடவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உளுந்து அலசும் தண்ணீரைப் பார்த்தால்கூட அப்படியே குனிந்து குடித்துவிடலாம் போல இருக்கும். தம்பிக்குப் போன் செய்வேன். "எவ்வளவுடா மிச்சம் இருக்கு?" என்பேன். "கால் பாட்டிலு. உனக்கு?" என்பான். "எனக்கும்தான்." "ஐஸ் போட்டுக்கக்கா, கடிச்சிடாத, சப்பணும்" என்று சொல்லிக்கொடுப்பான். இரண்டு பேரும் வாயில் ஐஸை ஒதுக்கிக்கொண்டு, குழறிக் குழறிப் பேசிச் சிரிப்போம். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்ட பிறகு, நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான். அவன் இத்தனை காலமாக எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எடை இறங்கியது. அதுதான் கொடுமை. சொன்ன மாதிரியே இறங்கியது. கடைசிப் பரிசோதனைக்கு முந்தின தடவை வார்டில் ஏறினபோது முள் எழுபதுக்குக் கீழே வந்துவிட்டது. தம்பி பெண்டாட்டி அதை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் வந்து, என் தோளில் கை வைத்தாள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. பையில் இருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து உரித்து என்னிடம் நீட்டினாள். சாறு நிறைய இருக்கும் பழம். வேண்டாம் என்றேன்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப் போன அன்று, ஊசி போடும் பெண் என் கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "நரம்பே தெரியலியேம்மா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். குடித்தேன் என்றேன். மூத்திரம் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொஞ்சம்தான் வந்தது, கடும் டீ நிறத்தில். எழுந்து வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் நடக்கிறவர்களுக்குத் தலை சுற்றுவது சகஜம்தானே என்று அப்போதும் நினைத்தேன்.

அடுத்து டாக்டர் அறை. அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள். கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் அது ஏறும். எங்கள் குடும்பத்துக்கு அந்த வார்த்தை தெரியாமலா இருக்கும்? தம்பியின் காகிதங்களில் நான் எத்தனை தடவை விரல் வைத்துப் பார்த்த வார்த்தை. அது என் காகிதத்தில் ஏறியிருந்தது. மூத்திரத்தில் புரதமும் கொஞ்சம் போகிறது என்றார். என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டதும், நானும் தம்பியும் மாறி மாறி எல்லாவற்றையும் சொன்னோம். எடை ஏறினது, தண்ணீரை நிறுத்தினது, ஐஸ், எல்லாம்.

அவர் கத்தினால்கூடப் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அந்த ரெண்டு கிலோவ நான் கணக்குலயே வச்சிருந்தேன்மா. டயட் மேடம் எனக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஏறும், நிக்கும்னு எனக்குத் தெரியும். அது இருந்திருந்தாலும் தேதி கொடுத்திருப்பேன். இவருக்குத் தண்ணி விஷம். உங்களுக்கு அதுதான் மருந்து. கொடுக்கப் போற கிட்னியையே வெயில்ல காய வச்சிட்டு வந்திருக்கீங்க." தம்பி அவர் காலில் விழப்போனான். "சரியாயிடும், பெரும்பாலும் முழுசா சரியாயிடும். ஆனா அது முழுசா சரியாச்சுன்னு எனக்குச் சந்தேகமில்லாம தெரியற வரைக்கும் நான் தொட மாட்டேன். மாசக்கணக்குல திரும்பத் திரும்பப் பாக்கணும். அவசரப்பட்டு எடுத்து, உங்களையும் அவர் பக்கத்துக் கட்டில்ல படுக்க வைக்கவா?" என்றார்.

வெளியே வந்து மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்பி பெண்டாட்டி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. தம்பியோ, "நான்தான், நான்தான்" என்று தொடையில் குத்திக்கொண்டிருந்தான். யாரை நான் திட்டுவது? நல்லதைச் சொன்ன அந்தச் சின்னப் பெண்ணையா, பயந்துபோன இவளையா, எனக்கு உதவி செய்ய வந்த அவனையா? ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் அதற்கு மருந்தும் இல்லை.

அதற்கப்புறம் நான் சொன்னபடி எல்லாம் கேட்டேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன், சொன்ன அளவுக்குச் சோறு தின்றேன். எடை முதலில் ஏறியது. எழுபத்து மூன்று வரை போனது. நான் அதைப் பார்த்துப் பயப்படவும் இல்லை, கவலைப்படவும் இல்லை. அந்த நிலையை எல்லாம் தாண்டியாயிற்று. பிறகு யாரும் ஒன்றும் செய்யாமலே, ஒரு துளி பட்டினி இல்லாமலே, அது இறங்கத் தொடங்கி எழுபதுக்குக் கொஞ்சம் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண் சொன்னது அப்படியே நடந்தது. கிரியாட்டினினும் படிப்படியாக இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. வழியில் என்னைப் பார்த்த டயட் மேடம், "பாத்தீங்களாம்மா, நான் சொன்னேன்ல, தானா அடங்கிடும்னு" என்று சிரித்தாள். "ஆமாம்மா, சொன்னீங்க" என்றேன். அவளுக்கு மற்ற விஷயம் தெரியாது போல.

தம்பிக்கு அந்த மாதங்களில் இதயமும் கெட்டுப்போயிற்று. முதலில் டயாலிசிஸ் நடுவிலேயே மயங்கினான். பிறகு கையில் ஊசி குத்துகிற இடத்தில் கிருமி பிடித்துக் குளிர் ஜுரம் வந்து பதினைந்து இருபது நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். அது குணமாகி வீட்டுக்கு வந்தவன், தலையணையை அடுக்கிச் சாய்ந்தால்தான் மூச்சு விட முடிகிற ஆளாக வந்தான். இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இழுத்து அடிக்கிற பலம் அதற்குப் போய்விட்டதாம். என்னுடைய எல்லாப் பரிசோதனையும் தேறிவிட்டது என்று சொன்ன அதே நாளில், அதே டாக்டர், அதே நாற்காலியில் உட்கார்ந்து அவனிடம் சொன்னார்: "இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு உங்கள மயக்க மருந்துல தூங்க வச்சா, எழுப்ப முடியும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. டயாலிசிஸ்லயே போவட்டும். முடிஞ்ச வரைக்கும் பாப்போம்."

வேற எங்கேயாவது, சென்னையில், என்று நான் ஆரம்பித்தேன். காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு அங்கேயும் போனோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் மரியாதையாக.

சென்னையிலிருந்து திரும்பிய மறுநாள் மத்தியானம், தம்பி ஆட்டோ பிடித்துத் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தான். தனியாக அவன் வந்து வருஷக்கணக்காகிறது. நான் பதறிப்போய் நாற்காலியைப் போட்டேன். உட்கார்ந்து, மூச்சு நிதானத்துக்கு வர வெகு நேரமாயிற்று. அவனுக்கு என்ன கொடுப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எதைக் கொடுத்தாலும் அது அவனுக்கு ஆகாது.

"இன்னாடா, இந்த வெயில்ல?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சியாக்கா?"

"எனக்கென்னடா கேடு. நீ ஏன் வந்த, போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

"குடிச்சியான்னு கேட்டேன்."

காலையிலிருந்து குடிக்கவில்லை. சென்னையிலிருந்து வந்ததிலிருந்தே எனக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. யாருக்காக இனி அளந்து தின்பது, யாருக்காகக் குடிப்பது என்று கிடந்தேன். வீட்டுக்காரர்தான் அவனிடம் போனில் சொல்லியிருக்க வேண்டும். 

"போய் மொண்டுட்டு வா. பெரிய சொம்புல" என்றான்.

கொண்டுவந்தேன். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கே வாங்கிக் குடித்துவிடுவானோ என்ற பயம் எனக்கு. அவன் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தான்.

"நான் கேக்கலக்கா. நீ குடி. எனக்குன்னு இருந்த கிட்னி, அத நீயாவது நல்லா வச்சிக்க. குடி, நான் பாக்கறேன்."

நான் சொம்பை அண்ணாந்து தூக்கிக் குடித்தேன். ஒரே மூச்சில் முடியவில்லை, நடுநடுவே அழுகை அடைத்தது, புரையேறியது. அவன் விடவில்லை, குடி குடி என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். நான் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும், எதிரே உட்கார்ந்திருந்த அவன் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.